கர்துங் லாவிலிருந்து இறங்கும் பாதை

லடாக் போய் வந்ததிலிருந்து தோழர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். களத்தில் இவ்வளவு வேலை கிடக்கிறது, இமயமலையில் சைக்கிள் விடுவதெல்லாம் யாருடைய பொழுதுபோக்கு என்று. கிண்டலாகக் கேட்டவர்களும் உண்டு, உண்மையான வருத்தத்தோடு கேட்டவர்களும் உண்டு. வருத்தப்பட்டவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

சைக்கிள் நமக்கு ஒருபோதும் விளையாட்டுச் சாமானாக இருந்ததில்லை. ஊர்த்தெருவுக்குள் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டளை எங்கள் தாத்தா காலத்தோடு முடிந்துவிடவில்லை. எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் அப்படித் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள்கூட ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். அது ஊரைப் பதற வைத்தது. பள்ளி மாணவிகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள்கூட முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்றுதான் தொடங்கியது. ஏறி உட்கார்வதே நமக்கு ஒரு வழக்கு.

மலையும் அப்படித்தான். வால்பாறை, மூணாறு, மாஞ்சோலை, கடல் தாண்டி நுவரெலியா. சமவெளியில் நிலமில்லாமல் இருந்தவர்களைக் கங்காணிகள் மலைமேல் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் குழுவில் ஒரு தோழரின் பாட்டி மாஞ்சோலையில் கொழுந்து பறித்தவர், லயத்தில் பிள்ளை பெற்றவர். அந்த எஸ்டேட் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானதை நம் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு மலை என்றால் கூலி, அட்டைக்கடி, தூக்க முடியாத கூடை. குளிர்ந்த காற்றை வாங்குவதற்காக மலைக்குப் போவது இன்னொருவர் வீட்டு வழக்கம்.

அதனால்தான் போனோம். காரணம் சொல்லாமல், பலன் காட்டாமல், மலையில் சும்மா மகிழ்ந்திருக்க நமக்கும் பாத்தியதை இருக்கிறது. இரண்டு வருஷம் சீட்டு கட்டிப் பணம் சேர்த்தோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து மணாலி, கேலாங் வழியாக இமாச்சல் அரசுப் பேருந்தில் லே. விமானத்தில் போனால் சட்டென்று 3,500 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும், உடம்பு தாங்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். விமானத்துக்குக் காசு இல்லை என்பதும் உண்மை.

லே நகரத்தில் மூன்று நாள் சும்மா இருந்தோம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. உயரம் யாருடைய வீரத்தையும் மதிப்பதில்லை. கர்துங் லா உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. உடம்பு பழகாமல் மேலே போனால் முதலில் தலைவலி, பிறகு வாந்தி, கவனிக்காவிட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்த்து ஆளையே கொல்லும். முதல் இரண்டு இரவும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது, எழுந்து உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த மூன்று நாளில் நாங்கள் இன்னொரு வேலையும் வைத்திருந்தோம். பாபாசாகேப் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு தழுவிய பௌத்தம் நம் கூட்டங்களில் விடுதலையின் சொல். லடாக்கோ பல நூற்றாண்டுகளாகப் பௌத்தம் வாழும் நிலம். அங்கே மோன், கரா, பேடா என்று மூன்று சமூகங்கள் இருக்கின்றன. மோன்கள் தமன் என்ற இரட்டை முரசையும் சுர்னா என்ற குழலையும் வாசிப்பவர்கள். கராக்கள் கொல்லர்கள். பேடாக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடி, வாசித்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டவர்கள். லடாக்கி வீட்டுக்குள் விருந்தினர் உட்காரும் வரிசைக்கு டரல் என்று பெயர். துறவிகளும் பெரிய குடும்பத்தாரும் மேலே, மற்றவர்கள் தகுதிப்படி கீழே கீழே, கதவை ஒட்டிக் கடைசியில் இந்த மூன்று சமூகத்தாரும். மற்றவர்கள் இவர்கள் வீட்டில் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. வாசிப்பு வட்டத்தில் படித்ததுதான் இதெல்லாம். படித்ததை நேரில் கேட்க வேண்டும் என்று இருந்தது.

டெல்லியில் ஒரு மாணவர் மாநாட்டில் பழக்கமான மோன் சமூகத்துத் தங்கை ஒருவர் லே கடைவீதிக்கு வந்து எங்களைப் பார்த்தார். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை நாங்கள் குடிக்கப் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேசினார். அவருடைய அண்ணன் அரசு விழாக்களில் தமன் வாசிக்கிறார். வில்வித்தைத் திருவிழாவானாலும் கல்யாணமானாலும் தமன் சத்தம் இல்லாமல் லடாக்கில் எதுவும் தொடங்காது. மேடையில் சால்வை போடுகிறார்கள், அதே ஆள் வீட்டுக்குள் வந்தால் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடத் தேவையில்லை, கால் தானாகக் கதவோரம் போய்விடும் என்றார். இப்போதைய பிள்ளைகள் டரல் பார்ப்பதில்லை, நகரத்தில் நாற்காலி போட்டுவிடுகிறார்கள், கல்யாணப் பேச்சு வரும்போதுதான் எல்லாம் திரும்பி வருகிறது என்றும் சொன்னார். பறையைத் தீண்டாமையாக்கி, பிறகு அதையே கலை என்று மேடையேற்றிக் கைதட்டும் ஊரிலிருந்து போனவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த போராட்டங்களைச் சொன்னோம். அவர் தன் கைப்பேசியில் எதையோ குறித்துக்கொண்டார்.

அவர் சொன்ன ஒன்று எங்களை இன்னும் விடவில்லை. 1989-இல் அன்றைய ஜம்மு காஷ்மீரின் பழங்குடிப் பட்டியலில் லடாக்கின் சமூகங்களைச் சேர்த்தபோது மோன், கரா, பேடா மூன்றும் சேர்ந்தன. டரலின் மேல்வரிசையில் உட்காரும் போட் சமூகமும் அதே பட்டியலில் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்த மூன்று சமூகங்களில் ஒன்றுகூட ஆயிரம் பேரைத் தொடவில்லை. ஆக, கதவோரம் உட்கார வைத்தவரும் உட்கார்ந்தவரும் ஒரே ஒதுக்கீட்டுக்கு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பௌத்தரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை வந்ததே 1990-இல்தான். லடாக்கின் நிலத்தையும் வேலையையும் காக்க ஆறாவது அட்டவணை கேட்டு அந்த மக்கள் போராடுவது நியாயமான போராட்டம், அதை ஆதரிக்கிறோம். அந்தப் போராட்டப் பந்தலிலும் கதவோரம் என்று ஒன்று இருக்கக் கூடாது என்று அந்தத் தங்கை சொன்னதையும் சேர்த்தே ஆதரிக்கிறோம். பௌத்தம் நமக்குப் பொய்யாகிவிட்டதா என்று திரும்பி வந்ததும் ஒரு இளம் தோழர் கேட்டார். பாபாசாகேப் புத்தரை எடுத்துக்கொண்டதே வழிவழியாக வந்ததை அப்படியே வாங்கிக்கொள்வதற்காக இல்லையே.

நான்காம் நாள் விடியற்காலையில் ஜீப்பில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு ஏறினோம். மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும், வெயில் ஏறினால் பனி உருகிச் சாலையில் ஓடை ஓடும். உச்சியில் உள்ள பலகை உலகத்திலேயே உயரமான வண்டிப்பாதை, 18,380 அடி என்று சொல்கிறது. அளந்து பார்த்தவர்கள் சொல்லும் உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. அந்தப் பட்டமும் பின்னாளில் கர்துங் லாவை விட்டுப் போய்விட்டது. பலகை மட்டும் அசையவில்லை, அதன்முன் படம் எடுக்க வரிசையும் குறையவில்லை. நாங்களும் வரிசையில் நின்று எடுத்தோம். நீலக் கொடியோடு.

பிறகு இறக்கம். லே வரை சுமார் 40 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1,860 மீட்டர் கீழே. இறக்கம்தானே, பெடலை மிதிக்கக்கூட வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், இந்த உயரத்திலிருந்து இறங்கும்போது கழிய வேண்டிய ஆற்றல் சுமார் 14.6 லட்சம் ஜூல். நம் ஊர்ச் சமவெளியில் மூன்றரை லிட்டர் பனிநீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்னும், மிச்சம் முழுக்க பிரேக் டிஸ்கில் சூடாக ஏறும். விடாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி ஒரு கட்டத்தில் பிடியே விட்டுப்போகும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் கழித்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, பெடல் இரண்டையும் மட்டமாக வைத்து, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குப் போகும். இது வேதாந்தம் இல்லை, கண் போகும் பக்கம் தோளும், தோள் போகும் பக்கம் ஹேண்டில்பாரும் போவதால் வருவது.

முதல் 15 கிலோமீட்டரில் கை மரத்துவிட்டது. பிரேக் பிடிக்கிறோமா இல்லையா என்பது விரலுக்குத் தெரியவில்லை, சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். தெற்கு புல்லு என்ற சோதனைச் சாவடியில் நின்று, தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களில் ஒருவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. காற்று என்றார். பிறகு, காற்று மட்டுமில்லை என்றார். வேறு யாரும் எதுவும் பேசவில்லை. யாரும் நம்மை இறங்கச் சொல்லாத ஒரு சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போவது எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல எங்களுக்கு வரவில்லை. போய்ப் பாருங்கள்.

40 கிலோமீட்டரில் 1,860 மீட்டர் என்றால் நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர்கூடச் சரிவு இல்லை. மேலே நின்று பார்த்தால் லே நகரம் காலடியில் கிடக்கிறது, மலையோ செங்குத்தாக விழுகிறது. அப்படியானால் அந்தச் செங்குத்து எங்கே போனது? சாலையில் அது இல்லை. வளைவு வளைவாக வெட்டி, நீட்டி, மலைச் சரிவை யாரோ தட்டையாக்கியிருக்கிறார்கள். தெற்கு புல்லுவுக்குக் கீழே இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில் ஒரு குறுக்குத் தடம் நேராக இறங்குகிறது. மாஞ்சோலைத் தோழரும் இன்னொருவரும் அதில் இறங்கினார்கள். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துக்கொண்டார்கள், சரளைக்கல்லில் அப்போதுதான் டயர் மண்ணைக் கவ்வும். அரை கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கல்லோடு கல்லாகச் சறுக்கியது, முன்பிரேக்கைச் சற்று அழுத்தினால் தலைகுப்புறக் கவிழ்க்கும். அங்கங்கே காலை ஊன்றி, ஓரிடத்தில் இறங்கி சைக்கிளைத் தோளில் தூக்கி, ஒருவழியாகக் கீழே சாலைக்கு வந்தபோது இருவரும் புழுதியில் குளித்திருந்தார்கள், வாய் கொள்ளாத சிரிப்பு. சாலை வழியாகச் சுற்றி வந்த எங்களுக்கும் அவர்களுக்கும் வந்து சேர்ந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த மலை உண்மையில் எவ்வளவு செங்குத்து என்பதை அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சாலையில் வந்தபோது அது தெரியாமல் போனது இன்னொருவர் உழைப்பால்.

அந்த உழைப்பாளிகளைக் கங்லெஸ் கிராமத்துக்கு மேலே பார்த்தோம். பனிநீர் அரித்த சாலையோரத்துக்குத் தடுப்புச் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் இருக்கும். பக்கத்தில் தார் டிரம்முக்கு அடியில் நெருப்பு, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு இருவர் தாரைக் கிண்டினார்கள். லடாக்கின் எல்லைச் சாலைகளைப் போடுவது எல்லைச் சாலைகள் அமைப்பு, இங்கே அதன் திட்டத்துக்கு ஹிமாங்க் என்று பெயர், 1985-இல் தொடங்கியது. வளைவுக்கு வளைவு அவர்கள் எழுதிவைத்திருக்கும் வேடிக்கை வாசகங்களைப் படமெடுக்காத பயணி இல்லை. சுவர் கட்டுகிறவர்களைப் படமெடுத்தவர்களை நாங்கள் பார்க்கவில்லை. தனிமையான மலை, ஆளரவமற்ற பாதை என்று பயணக் கட்டுரைகளில் படித்துப் படித்துப் பழகிய கண், ஆளிருந்தும் பார்ப்பதில்லை.

ரயில்வேயில் வேலை பார்த்து இந்தி பழகிய எங்கள் தோழர் சைக்கிளை நிறுத்தி, "ஜோஹார்" என்றார். கிண்டியவர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். ஜார்க்கண்ட், தும்கா பக்கம், சந்தால் மக்கள். 1855-இல் ஆங்கிலேயரையும் வட்டிக்காரர்களையும் எதிர்த்து எழுந்த சந்தால் எழுச்சியின் மண் அது. இப்போது அந்த மண்ணின் பிள்ளைகள் ஒவ்வொரு கோடைக்கும் ஒப்பந்தத்தில் லடாக் வருகிறார்கள், பனி மூடுவதற்குள் திரும்புகிறார்கள். 2020 மே மாதக் கடைசியில், ஊரடங்கில் லடாக்கில் சிக்கிக்கொண்ட 60 பேரை ஜார்க்கண்ட் அரசு லேயிலிருந்து விமானத்தில் ராஞ்சிக்கு வரவழைத்தது செய்தியாக வந்தது. அடுத்த மாதமே தும்காவிலிருந்து சிறப்பு ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுபடி சாலை வேலைக்குக் கிளம்பியதும் செய்தியாக வந்தது. ஊரில் அவர்களுக்கு வேறு வேலை இருந்திருந்தால் அந்த ரயில் அவ்வளவு சீக்கிரம் நிரம்பியிருக்காது.

சைக்கிளுக்கு எவ்வளவு வாடகை என்று கேட்டார் ஒரு பெரியவர். சொன்னோம். ஜீப்புக்கும் சேர்த்தா என்றார். ஆமாம் என்றோம். அவர் தன் கூலியைச் சொல்லவில்லை, சிரித்தார். ஒரு இளைஞன் சைக்கிளை வாங்கிச் சாலையில் ஐம்பது அடி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்தான். இன்னொருவர் எங்கள் கையுறையைத் தொட்டுப் பார்த்தார். அவர் கையில் சுற்றியிருந்தது கிழிந்த சாக்குத் துணி. விரலிடுக்குகளில் தார் காய்ந்து வெடித்திருந்தது. மாஞ்சோலைத் தோழர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைக் கறை ஏறிய பாட்டியின் கை அவருக்கு ஞாபகம் வந்தது என்று இரவில் சொன்னார்.

நாங்கள் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு வருவதோடு முடிகிற விஷயம் இல்லை இது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979-இலேயே வந்துவிட்டது. இடம் மாறியதற்கான படி, பயணச் செலவு, தங்குமிடம், இலவச மருத்துவம், பாதுகாப்பு உடை எல்லாமே ஒப்பந்தக்காரரின் கடமை என்று அந்தச் சட்டம் எழுதியிருந்தது. சட்டங்களைத் தொகுப்புகளாகச் சுருக்கிவிட்ட இந்தக் காலத்தில் அதில் எது மிஞ்சியது, எது கழன்றுபோனது என்பதைச் சட்டம் படிக்கும் தோழர்கள் ஒருமுறை உட்கார்ந்து பிரித்து எழுதித் தந்தால் நல்லது. நம் ஊரில் செங்கல் சூளைக்கும் நூல் மில்லுக்கும் வரும் ஜார்க்கண்ட், ஒடிசாத் தொழிலாளர்களிடம் கொடுக்கவும் அது உதவும். அவர்களைத் தேடி லடாக் வரை போக வேண்டியதில்லை.

கீழே லே வந்து சேர மதியம் ஆகிவிட்டது. கடைசி சில கிலோமீட்டரில் பாப்லர் மரங்கள் வந்தன, கால்வாய்த் தண்ணீர் சத்தம் வந்தது, கையில் உணர்ச்சி திரும்பி வந்து ஊசி குத்துவதுபோல் வலித்தது. சாயங்காலம் மோன் தங்கை வந்தபோது சைக்கிள் வாடகைக்கு இன்னும் மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தது. அவர் லேயில் பிறந்து வளர்ந்தவர், கர்துங் லா இறக்கத்தை ஒருமுறைகூடச் சைக்கிளில் இறங்கியதில்லை. அது வெளியூர்க்காரர்கள் செய்வது என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஊருக்கு மேலே இருந்த ஒரு சரிவில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதைச் சொல்லிக்கொடுத்தோம். மூன்றாவது முறை இறங்கும்போது எங்களைத் தாண்டிப் போனார்.

அடுத்த ஜூலையில் போக நினைக்கும் தோழர்கள் இப்போதே சீட்டில் சேர்ந்துவிடுங்கள். மருத்துவரைப் பார்க்காமல் போக வேண்டாம், லேயில் மூன்று நாளுக்குக் குறைந்து தங்க வேண்டாம். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். ஒன்று உங்களுக்கு, கம்பளி உள்வைத்தது. மற்றது தடித்த தோலில் இருக்கட்டும், கம்பளி தாரில் ஒட்டிக்கொள்ளும்.